கோடைத் தண்ணீர்க் கணக்கு: தோப்பு, கிணறு, ஊருணி, மாடு, மொட்டை மாடி

#1 கிணத்துக்கடவு_தோப்பு

வணக்கம்ங்க. கையில் இருக்கிற தண்ணிக்குக் கணக்கு வேணும்.

3 ஏக்கர், 25 அடி இடைவெளியில் 210 நெட்டைத் தென்னை மரம், எல்லாம் 25 வயசு. வரப்போரமா போன வருசம் வச்ச கன்னு 15. சரளை கலந்த செம்மண். கிணறு 80 அடி. காலையில் 40 நிமிசம், சாயங்காலம் 40 நிமிசம் 5 எச்பி மோட்டார் ஓடுனா தண்ணி ஃபுட்வால்வுக்கு (உறிஞ்சு குழாயோட அடி வால்வு) கீழ போயிடுது. 1000 லிட்டர் தொட்டி நிறைய 9 நிமிசம் ஆகுது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்ல எங்க மண்டலத்துக்கு இப்போ முறை இல்லை. வட்டப்பாத்தியில் பாய்ச்சறதால ஒரு மரத்துக்கு மறுபடி முறை வர 12 நாள் ஆகுது. குரும்பை கொட்டுது, அடிமட்டை தொங்குது.

எல்லா மரத்துக்கும் கொஞ்சங்கொஞ்சம் கொடுக்கறதா, பாதியை விட்டுட்டு மீதியைக் காப்பாத்தறதா? மத்த ஊர்ல கோடையை எப்படித் தாட்டறீங்கன்னும் அளவோட எழுதுங்க.

#2 ஆனைமலை_சொட்டுநீர்

அண்ணா, விடை உங்க கணக்கிலேயே இருக்குங்க. 80 நிமிசத்துக்கு சுமார் 8,900 லிட்டர். 210 மரத்துக்கு வகுத்தா மரத்துக்கு 42 லிட்டர். மேற்கு மாவட்டத் தென்னைக்கு பிப்ரவரி முதல் மே வரை சொட்டுநீர்ல வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற அளவு நாளுக்கு 65 லிட்டர். ஓரளவு தட்டுப்பாடுன்னா 45, கடும் தட்டுப்பாடுன்னா 20. நீங்க 45-க்குப் பக்கத்துல நிக்கறீங்க. ஒரு மரத்தையும் கைவிட வேண்டாம்.

சிக்கல் பாய்ச்சற விதத்துல இருக்கு. இப்போ 12 நாளுக்கு ஒருக்கா மரத்துக்கு 500 லிட்டர் போகுது. 6 அடி ஆரமுள்ள பாத்தியோட பரப்பு 10 சதுர மீட்டர். அதுல 500 லிட்டர்னா 5 சென்டிமீட்டர் நிக்கும். மேல்மண் ஈரம் வெயிலுக்குப் போயிடும், சரளைக்குள்ள இறங்கினது வேரைத் தாண்டிடும். நடுவுல நிக்கிற ஈரம் நாலஞ்சு நாள் தாங்கும். அப்புறம் ஒரு வாரம் மரம் பட்டினி. குரும்பை கொட்டறது அந்த வாரத்தாலதான்.

செய்ய வேண்டியது இதுங்க. அடிமரத்துல இருந்து 1 மீட்டர் தள்ளி, எதிரெதிரா நாலு குழி, ஒவ்வொண்ணும் 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம். 40 செ.மீ. நீளமுள்ள 16 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டைக் குழிக்குள்ள சாய்வா வைங்க. சொட்டுவான் (தண்ணியைச் சொட்ட விடற முனை) அந்தக் குழாய்க்குள்ள இருக்கணும், தண்ணி ஒரு அடிக்குக் கீழ சொட்டணும். குழியைத் தென்னைநார்க் கழிவால நிரப்பி மூடிடுங்க. மேல்மண் காய்ஞ்சே கிடக்கும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பாத்தியில பாய்ச்சிடாதீங்க.

மணிக்கு 8 லிட்டர் சொட்டுவான் நாலு போட்டா மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர். 80 நிமிசம் ஓடினா 42 லிட்டர் வந்துரும். 210 மரத்தையும் ஒரே நேரத்துல திறக்காதீங்க. உங்க மோட்டார் தர்ற தண்ணி கணக்குக்குச் சரியாத்தான் இருக்கும். ஆனா அது தொட்டியில திறந்து விட்டு அளந்த அளவு. வடிகட்டி, குழாய் எல்லாம் தாண்டும்போது குறையும், கடைசி வரிசை காஞ்சிரும். தோப்பை ரெண்டாப் பிரிச்சு காலையில 105, சாயங்காலம் 105. ஒவ்வொரு பாதிக்கும் 80 நிமிசம். மிஞ்சற தண்ணியை பைபாஸ் வால்வு வழியா கிணத்துக்கே திருப்பி விடுங்க. ஒரு வேளைக்கு எடுக்கிற மொத்தம் ஏறத்தாழ அதே 4,480 லிட்டர்தான், ஆனா மெதுவா இறங்கும். ஊத்து ஊறுறதுக்கு அவகாசம் கிடைக்கும், மோட்டாரும் காத்து இழுக்காது.

#3 உடுமலை_போர்

இதெல்லாம் ஒட்டுப் போடற வேலைங்க. 1,000 அடி போர் ஒண்ணு ஓட்டினா மூணு ஏக்கருக்கும் பாத்தியிலயே பாய்ச்சலாம். எத்தனை நாளைக்குச் சொட்டுச் சொட்டா விடறது?

#4 பாறை_நீர்

உடுமலை நண்பருக்கு: கொங்கு நாட்டு அடியில் இருப்பது கடினப் பாறை. அதற்குள் தண்ணீர் நிற்க இடமே இரண்டுதான். ஒன்று, மேலே சிதைந்து பொடிந்த பாறை. இன்னொன்று, அதற்குக் கீழே உள்ள வெடிப்புகள். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும், இருப்பவையும் மேலுள்ள எடையால் இறுகிக் கிடக்கும். 300 அடியில் தண்ணீர் காட்டாத இடத்தில் 1,000 அடியில் நிச்சயம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. துளை போடும் வண்டிக்காரர் ஆழத்துக்கு ஏற்ப அடிக்கான விலையைக் கூட்டிக்கொண்டே போவார், தண்ணீர் வராவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். அப்படியே வந்தாலும் அந்த ஆழத்து நீர் ஊறிச் சேர ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கும். இரண்டு கோடையில் இறைத்துவிட்டால் திரும்ப நிரம்பாது.

80 அடிக் கிணறு இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கிணற்றைத்தான். நீர் இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் சுவரைச் சுற்றிப் பாருங்கள். பாறை வெடிப்பில் எங்காவது ஈரம் கசிந்தால் அந்த இடத்தில் சைடு போர் (பக்கவாட்டுத் துளை) பலன் தரும். கசிவே இல்லாத பக்கத்தில் கிடைமட்டமாக 100 அடி ஓட்டினாலும் காசுதான் போகும். அடியில் சேறு இருந்தால் இப்போதே எடுங்கள். அடி ஊற்றை மூடியிருப்பது பெரும்பாலும் அந்தச் சேறுதான்.

ஆள் இறங்குவதற்கு முன் ஒன்று. நீண்ட நாள் இறங்காத கிணற்றில் அடிக்காற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம், விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. விளக்கு எரிந்தாலும் விஷவாயு இல்லை என்று பொருளில்லை. முதலில் ஊதுகாற்றாடி வைத்துக் காற்றை மாற்றுங்கள். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை உள்ளேயே தங்கி ஆளைக் கொல்லும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் உடனே குதிப்பதால்தான் கிணற்றுச் சாவுகள் இரண்டு மூன்றாகின்றன.

#5 உரும்பிராய்_செம்பாடு

பாறை_நீர் எழுதினது கருங்கல் நாட்டுக்குச் சரி. யாழ்ப்பாணத்தில அடியில கிடக்கிறது சுண்ணாம்புக்கல். எங்கட பக்கம் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரி மழையில இறங்கிறதுதான் வருசம் முழுக்கக் கிணத்துத் தண்ணி. அந்த நல்ல தண்ணி, அடியில கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால் அதுக்குக் கீழ ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணி இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கோ. இறைச்சு ஒரு அடி இறக்கினால், கீழ உப்பு 40 அடி மேல வரப் பாக்கும். அதனால வத்தின கிணத்தை இன்னும் ஆழமாக்கிறது எங்கட பக்கம் செய்யவே கூடாத வேலை. ஆழமாக்கினவை உப்பைத்தான் தோண்டி எடுத்தவை. உப்பு ஒருக்கா ஏறினால் ஒரு மாரியில இறங்காது.

செய்யிறது என்னெண்டால், தண்ணியை மேல்மட்டத்திலயிருந்து எடுக்கிறது. உறிஞ்சு குழாயை அடியில வையாமல் ஒரு மிதவையில கட்டி, மேல்மட்டத்துக்கு ஒண்டு ரெண்டு அடி கீழ நிக்கப் பண்ணுங்கோ. ஒரு மணித்தியாலம் இறைச்சால் மூண்டு மணித்தியாலம் ஓய்வு. துலாவால (ஏற்றத்தால) இறைச்ச காலத்தில உப்புப் பிரச்சினை குறைவாயிருந்ததுக்குக் காரணமும் அந்த மெதுவான இறைப்புத்தான்.

இசி மீற்றர் (தண்ணியின்ர உப்பை மின்கடத்தலால அளக்கிற கருவி) ஒண்டு கட்டாயம் வேணும். கிழமைக்கு ஒருக்கா, இறைக்கத் தொடங்கேக்க ஒரு அளவு, நிப்பாட்டேக்க ஒரு அளவு எடுங்கோ. ரெண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டு வந்தால் உப்பு மேல வருகுதெண்டு அர்த்தம். சின்ன வெங்காயத்துக்கு தண்ணியின்ர இசி மீற்றருக்கு 0.8 டெசிசீமன் (இசி அளக்கிற அலகு) வரை விளைச்சல் குறையாது. மிளகாய்க்கு 1.0. பீற்றூட் 2.7 வரை தாங்கும். அதனால கோடைப் போகத்தில எந்தப் பயிரெண்டதை மீற்றரைப் பாத்து முடிவெடுங்கோ, சந்தை விலையைப் பாத்து அல்ல.

இன்னுமொண்டு. தமிழ்நாட்டில சித்திரை, வைகாசிதான் கடும் கோடை. எங்களுக்கு வைகாசியிலயிருந்து புரட்டாதி வரைக்கும் சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கும், அதுதான் மண்ணை உலர்த்திறது. தோட்டத்தின்ர தென்மேற்குப் பக்கத்தில பூவரசும் கிளிசரியாவும் நெருக்கமா நட்டு, இடைவெளியைப் பனையோலையால அடைச்சு வேலி போடவேணும். இலையை வெட்டிப் பாத்திக்குப் பசளையாவும் மூடாக்காவும் போடலாம்.

#6 முதுகுளத்தூர்_ஊருணி

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது எங்க ராமநாதபுரத்துக்கு அப்படியே பொருந்தும். எங்க பக்கம் நிலத்தடியில பெரும்பாலும் உப்பு. குடிக்கிறதுக்கு ஊருணிதான். மேல நிக்கிற மழைத்தண்ணிய எவ்வளவு நாள் நிக்க வைக்கிறோம்ங்கிறதுதான் எங்க கணக்கு.

கோடையில திறந்த நீர்ப்பரப்புல இருந்து நாளுக்கு 6 முதல் 8 மி.மீ. ஆவியாப் போகும். 7-னு வச்சா 90 நாள்ல 63 சென்டிமீட்டர், ரெண்டடிக்கு மேல. அஞ்சடித் தண்ணி உள்ள அகலமான ஊருணியில அது பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல். அதுவே பத்தடி ஆழம்னா அஞ்சுல ஒரு பங்குதான். அதனால தூர் வாரும்போது பரப்பைக் கூட்டாதீங்க, நடுவுல ஆழத்தைக் கூட்டுங்க.

ஆனா அந்த ஆழத்துக்கு எல்லை உண்டு. ஊருணி தண்ணி தாங்குறது அடியில இருக்கிற களிமண் தட்டால. பொக்லைன் வந்து வேகமா அள்ளும்போது அந்தத் தட்டை உடைச்சிரும். அப்புறம் மழைத்தண்ணி கீழ இறங்கிரும், இல்லைன்னா உப்பு ஊத்து மேல வந்திரும். தோண்டுறதுக்கு முன்னால நாலு இடத்துல கைத்துளைக் கருவியால துளை போட்டு, களிமண் எத்தனை அடி இருக்குன்னு பாருங்க. அதுல கீழ் மூணடியைத் தொடாம விடணும். வேலை வைகாசி, ஆனியில முடிஞ்சாத்தான் ஐப்பசி மழைக்குக் கரை இறுகி நிக்கும்.

வரத்துக்கால் வாய்ல மண்ணு தங்கறதுக்கு ஒரு சின்னக் குழி வேணும், வருசம் ஒருக்கா அதை மட்டும் அள்ளினா ஊருணி மேடேறாது. கரைக்கு முள்வேலி போட்டு, மாட்டுக்குத் தனியா வெளிய தொட்டி கட்டுங்க. எடுக்கிற வண்டலை வயலுக்கு அடிச்சா மணல்சாரி நிலம் ஈரம் பிடிக்கும். உப்புத் தட்டின வண்டலை மட்டும் வயலுக்குக் கொண்டு போயிராதீங்க. காய்ஞ்சதும் மேல வெள்ளையாப் பூத்திருந்தா அதுதான் அடையாளம்.

கரையிலயும் வரத்துக்கால்லயும் சீமைக் கருவேலத்தை வெட்டி மட்டும் விட்டா ஒண்ணு நாலாத் தழையும். மழைக்குப் பிறகு மண் இளகும்போது தூரோட பிடுங்கணும்.

#7 கிணத்துக்கடவு_தோப்பு

ஆனைமலை அண்ணா, கணக்குப் புரிஞ்சுது, ரொம்ப நன்றிங்க. சொட்டுவான் குழிக்கு ஆள் சொல்லியாச்சு. மூடாக்கு என்ன போடறது? தொட்டி மட்டைக்கு (தேங்காய் உரிச்ச மட்டை) நார் மில்லுல நல்ல விலை தர்றாங்க. தொங்கற அடிமட்டையை வெட்டிட்டா மரத்துக்குத் தண்ணி மிச்சமாகும்னு ஒரு பேச்சு இருக்கு, அது சரிங்களா?

#8 ஆனைமலை_சொட்டுநீர்

பச்சை மட்டையை வெட்டாதீங்க. மட்டைதான் காய்க்குச் சோறு போடறது. அதைவிட முக்கியம், வெட்டின காயத்தோட வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். உள்ளே புழு குடைஞ்சா வெளியே தெரியறப்ப குருத்தே சாய்ஞ்சிருக்கும். வழியை மறைக்குதுன்னு வெட்டியே ஆகணும்னா மரத்துல இருந்து 120 செ.மீ. தள்ளி வெட்டுங்க. பழுத்துத் தானா விழறதை மட்டும் எடுத்துக்கலாம்.

மூடாக்குக்குப் பரிந்துரை மூணு வகை. 6 அடி ஆரத்துக்குள்ள 100 தொட்டி மட்டையை, குமிழ்ப் பக்கம் மேல பார்க்கக் கவிழ்த்து அடுக்கறது. இல்லைன்னா 15 காய்ஞ்ச ஓலை. இல்லைன்னா நார்க்கழிவு 10 செ.மீ. உயரம். நார்க்கழிவுக் கணக்கைப் போட்டுப் பாருங்க: 10 சதுர மீட்டருக்கு 10 செ.மீ.ன்னா மரத்துக்கு ஒரு கன மீட்டர். 210 மரத்துக்கு 210 கன மீட்டர், லாரி லாரியா வரணும். அதனால நார்க்கழிவைச் சொட்டுவான் குழிக்கு மட்டும் வைங்க. மேல்மூடாக்குக்கு உங்க தோப்பு ஓலையே போதும். ஒரு நெட்டை மரம் வருசத்துக்கு 12 மட்டை அளவு உதிர்க்கும். அதை எரிக்காமலோ விக்காமலோ மூணா வெட்டிப் பரப்பினா முக்காவாசி ஆச்சு. தொட்டி மட்டையை முழுசா விக்காம, சரளை அதிகமுள்ள மேட்டு மரத்துக்கு மட்டும் 100 வீதம் ஒதுக்குங்க. ஒருக்கா போட்டா அஞ்சாறு வருசம் ஈரம் பிடிச்சு வச்சுக்கும்.

கெட்டுப்போற இடம் ரெண்டு. செம்மண்ணுல ஓலைக்குள்ள கரையான் வரும், அடிமரத்தைச் சுத்தி ஒரு அடி வெறுமனே விடுங்க. நார்க்கழிவையும் எருவையும் தோப்புக்குள்ள குவியலா விட்டா காண்டாமிருக வண்டு அதுல முட்டை வைக்கும். மெல்லிசாப் பரப்பினா அந்தத் தொல்லை இல்லை.

வரப்போரக் கன்னுக்கு முன்னுரிமை. பெரிய மரம் ஒரு வாரம் தாங்கும், கன்னு தாங்காது. தெற்கு, மேற்குப் பக்கம் ஓலையால நிழல் கட்டி நாளுக்கு 10 லிட்டர் வீதம் கொடுங்க. 15 கன்னுக்கு 150 லிட்டர்தான்.

ஓலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா சுருள் படிஞ்சு, கீழ் ஓலையில கரும்பூசணம் படர்ந்தா அது சுருள் வெள்ளை ஈ. இந்தியாவுல 2016-ல பொள்ளாச்சிப் பக்கம்தான் முதல்ல கண்டாங்க. வறண்ட கோடையில பெருகும். பூச்சிமருந்து அடிக்காதீங்க. அந்த ஈயைத் தின்னு அழிக்கிற என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துடும். 5 அடிக்கு 1.5 அடி மஞ்சள் தாளுல விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்க. தண்ணி மிச்சமிருந்தா விசையாக ஓலையின் அடியில பீய்ச்சுங்க.

#9 பெருந்துறை_கறவை

மாட்டைப் பத்தி யாரும் எழுதலை. கலப்பினக் கறவை கோடையில் நாளுக்கு 80 லிட்டர், சில நாள் அதுக்கு மேலும் குடிக்கும். அந்தக் கணக்கையும் கிணத்துல சேர்த்துக்குங்க. தண்ணித் தொட்டி நிழல்ல இருக்கணும். வெயில்ல சூடேறின தண்ணியை மாடு குறைச்சுத்தான் குடிக்கும், பால் அன்னைக்கே இறங்கிடும். தீவனத்தில் பெரும்பங்கை விடியற்காலையும் இருட்டின பிறகும் போடுங்க. அசை போடறப்பவே உடம்புக்குள்ள சூடு உண்டாகும், அது உச்சி வெயிலோட சேரக் கூடாது. எருமைக்குத் தோல்ல வியர்வை குறைவு, அதை நாளுக்கு ரெண்டு மூணு தடவை நனைச்சே ஆகணும்.

பச்சைத் தீவனம் இல்லாதப்ப வைக்கோலை யூரியாவில் ஊற வைக்கிறது நல்ல வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணி. யூரியா முழுசாக் கரையணும், கட்டி இருக்கவே கூடாது. தார்ப்பாய் மேல வைக்கோலை அடுக்கு அடுக்காப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் பூவாளியால சமமாத் தெளிச்சு, மிதிச்சுக் காத்தை வெளியேத்தி, இறுக்க மூடி 21 நாள். திறக்கிறப்ப மஞ்சளும் பழுப்புமா இருக்கும், அமோனியா நெடி அடிக்கும். ஒரு மணி நேரம் காத்தாட விட்டுத்தான் போடணும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்கு வேண்டாம். வெள்ளையாப் பூஞ்சை பிடிச்ச பகுதியை எருக்குழிக்குத் தள்ளுங்க. அது தார்ப்பாய் ஓரத்தில் காத்து புகுந்த இடம். யூரியா கரைச்ச வாளியை மாடு வாய் வைக்கிற இடத்துல விட்டுட்டுப் போயிடாதீங்க, நேரடியாக் குடிச்சா உயிர் போகும்.

#10 தாராபுரம்_மானாவாரி

மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நிற்கிறது. இனி கதிர் வராது. மாட்டை விட்டு மேய்த்துவிடலாமா?

#11 பெருந்துறை_கறவை

கூடவே கூடாதுங்க. இளஞ்சோளம் வாடி நிக்கிறப்ப சயனைடு நஞ்சு ஏறி இருக்கும். ஒரு மழை பெய்ஞ்சு புதுசாத் துளிர்க்கிற மறுதாம்பு இன்னும் மோசம். தின்ன பத்து இருபது நிமிசத்துலயே மூச்சு வாங்கி, நுரை தள்ளி, மாடு சாயும். அந்த நேரத்துல கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டாப் பிழைக்க வழி உண்டு, கை வைத்தியத்துக்கு நேரம் இல்லை.

பூ எடுத்த பிறகு நஞ்சு இறங்கிடும். உங்களது பூக்காது. அதனால அறுத்து, மெல்லிசாப் பரப்பி நல்லா முறுமுறுன்னு காய விட்டு, உலர்தீவனமா மத்த வைக்கோலோட கலந்து கொஞ்சமாப் போடுங்க. அரைகுறையா வாடினதைப் போடாதீங்க. வெறும் வயித்து மாட்டுக்கு எப்பவும் முதல் தீனியா வேண்டாம்.

#12 திருவான்மியூர்_மாடி

சென்னைக்கு வருகிறேன். 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனாலும் 2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அமைப்பு இருக்கிறது, வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

1,000 சதுர அடி மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர். சிந்தல், ஆவி எல்லாம் கழித்து 7,500 லிட்டர் கைக்கு வரும். கோடையில் வரும் ஒன்றிரண்டு இடிமழையையும் இப்படிப் பிடிக்கலாம், அதற்கு ஏப்ரலிலேயே மாடியைப் பெருக்கி வடிகட்டியைக் கழுவியிருக்க வேண்டும். வடிகட்டித் தொட்டியில் அடியில் 40 மி.மீ. ஜல்லி, நடுவில் 20 மி.மீ., மேலே ஆற்று மணல், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் நைலான் வலை. வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். மழை தொடங்கிய முதல் பத்து நிமிட நீரை வெளியே விட்டுவிடுங்கள்.

மண் பார்த்துக் குழி போடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணல் பகுதியில் ஆழமில்லாத திறந்த கிணறே சிறந்த சேகரிப்பு. உரும்பிராய் நண்பர் சொன்ன நீர்வில்லை இங்கும் உண்டு. கடலோரத்தில் ஆழ்துளை போட்டு இறைத்தால் தெரு முழுவதும் உப்பாகும். களிமண் பகுதியில் நான்கடிக் குழி வெறும் தொட்டிதான், நீர் இறங்காது. குழிக்குள்ளிருந்து களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை ஒரு துளை இறக்க வேண்டும்.

மாடிச் சூட்டுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. முந்தைய இரவே ஊற வைத்து, வடிகட்டி, பசை கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை நனைத்து இரண்டு பூச்சு. முதல் பூச்சு நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. சூடான உலர்ந்த தளத்தில் பூசினால் நீரைத் தளம் உறிஞ்சிக்கொள்ளும், சுண்ணாம்பு மாவாக உதிரும். பூசிய பிறகு வரும் முதல் மழையைக் கிணற்றில் விடாதீர்கள்.

ஏர் கூலர் சென்னையில் வீண். நீர் ஆவியாவதால்தான் அது குளிரும். 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் சில டிகிரி இறங்கினாலும் அறை ஈரத்தால் நிரம்பி வியர்வை காயாது.

#13 காட்பாடி_வெயில்

வேலூருக்கு அந்தக் கணக்கு மாறும். மே மாத மதியம் 42 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் நல்ல கூலர் காற்றை 30 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவரும். வெட்டிவேர்த் தட்டியும் இங்கே பலன் தரும். எதிர்ப்பக்கச் சன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதுதான் வழக்கமான தவறு. மணிக்கு 5 முதல் 10 லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

#14 களப்பணி_செவிலி

குழி தோண்ட, தூர் வார, வைக்கோல் மிதிக்க என்று எல்லா வேலைக்கும் ஆள் இறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆட்களுக்கான கணக்கும் இங்கே இருக்கட்டும்.

வெயிலில் வேலை செய்பவர் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 250 மி.லி. குடிக்க வேண்டும். தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது, வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சித் தண்ணீர் நல்லவை. உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிப்பதென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் உப்பைக் கூட்டாதீர்கள். சிறுநீரகம், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டுங்கள். விபரீதம் பெரும்பாலும் முதல் சில நாளில்தான் நடக்கிறது.

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அது வெப்பவாதம். வியர்க்கிறதே என்று அலட்சியம் வேண்டாம், வேலை செய்கிறவர்களுக்கு வியர்வையோடும் வரும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் அப்போதே குளிர்விக்கத் தொடங்குங்கள்: நிழல், சட்டையைக் கழற்றி உடல் முழுக்கத் தண்ணீர், விடாமல் விசிறல், பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

#15 கிணத்துக்கடவு_தோப்பு

அம்மா, அவசியமான பதிவுங்க. குழி தோண்டறதைக் காலையில 10 மணிக்குள்ள முடிக்கச் சொல்லிட்டேன்.

கடைசியா ரெண்டு. மரத்துக்குக் கல் உப்பு போடலாங்களா? ஜூன்ல சாரல் ஆரம்பிச்சதும் சொட்டுநீரை நிறுத்திடலாங்களா?

#16 ஆனைமலை_சொட்டுநீர்

தென்னைக்குக் குளோரைடு வேணும்ங்கறது உண்மை. பிலிப்பைன்ஸ்ல கடலோரம் இல்லாத தோப்புக்கு உப்பையே உரமாப் பரிந்துரைக்கறாங்க. ஆனா நீங்க வருசத்துக்கு மரத்துக்கு 2 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ் போட்டா அதுல ஏறத்தாழ பாதி குளோரைடுதான். தனியா உப்பு வேண்டாம். அந்தப் பொட்டாஷும் இப்போ இல்லைங்க. மண்ணுல ஈரமில்லாதப்ப உரம் போட்டா வேர் கருகும். ஜூன்–ஜூலையில பாதி, டிசம்பர்–ஜனவரியில பாதி.

சாரலை நம்பி நிறுத்தாதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்தோட வர்ற சாரல் ஓலையை நனைக்கும், வேருக்கு எட்டாது. சொட்டுவான் இல்லாத பக்கமா ஒரு அடி தோண்டி மண்ணை எடுத்துப் பிடிச்சுப் பாருங்க. உருண்டை நின்னா நிறுத்தலாம், உதிர்ந்தா 20 லிட்டராவது தொடருங்க.

மழை வந்த பிறகும் அடுத்த வருசம் காய் குறையும், அதுக்கு மறுவருசமும் குறையலாம். பாளை உள்ளே கருவாகி, வெடிச்சு வெளியே வர 32 மாசம், அதுக்கப்புறம் காய் முத்த 12 மாசம். இந்தக் கோடையில உள்ளே கருகினது அப்பத்தான் தெரியும். காய்ப்பு விழுந்துச்சுன்னு அந்த நேரத்துல மரத்தை வெட்டிடாதீங்க. மரத்துல நம்பர் எழுதி மூணு வருச வெட்டுக் கணக்கை வைங்க. மூணு வருசமும் 20 காய்க்குக் கீழ நிக்கிற மரத்தை மட்டும் எடுத்தாப் போதும்.